காலடித் தடத்தின் கதையை நான் சொன்ன நாள்

போன வாரம் வேலூரில் ஷேர் ஆட்டோ ஏறினேன். கிரீன் சர்க்கிள் நிறுத்தத்தில் ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஷூ கம்பெனியின் நீலக் கோட்டு, மடியில் டிபன் பை, நகக்கண்ணில் காய்ந்த பசை. அவள் உட்கார்வதற்கு முன்பே வாசனை வந்து உட்கார்ந்துவிட்டது. சூடேறிய தோலின் மேல் பசை உருகும் வாசனை. கொஞ்சம் பெட்ரோல், கொஞ்சம் கருகிய ரப்பர், எல்லாவற்றுக்கும் அடியில் எப்போதோ மேய்ந்த ஒரு மாடு. இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு என்னைத் தெரியாது. ஆனால் வாசனைக்கு என்னைத் தெரியும்.

ஷூ கம்பெனிகளில் மெர்ச்சண்டைசிங் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். ஆம்பூரில் அப்படி ஒரு மேசையில் என் பாதி வாழ்க்கை போனது. ஐம்பத்தைந்து வயதில் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஆர்டர் ஷீட் போடுவதும் சாம்பிள் அனுப்புவதும் என்னைவிட வேகமாக உங்களுக்கு வரும். அதில் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. நம் வேலையின் கஷ்டம் வேறோர் இடத்தில் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் லைனுக்குள் நடந்து வருவார். மெஷினுக்கு முன்னால் ஒருவர் நிற்பார். இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டடி இடம். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாது. அந்த இரண்டடியில் நாம் நிற்கிறோம். நான் அங்கே நின்று செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். பெருமையாகச் சொல்லவும் கதைகள் இருக்கின்றன. அவற்றை வேறு யாராவது சொல்லட்டும்.

தொழிற்சாலையில் எனக்கு டிக்ஷனரி சார் என்று பெயர். பாதி மரியாதை, பாதி கிண்டல். எனக்கு இரண்டு பாதியுமே பிடிக்கும். ஓர் ஆங்கிலச் சொல் கிடைத்தால் அது எந்த ஊரில் பிறந்தது, யார் யார் வீட்டில் வளர்ந்தது என்று தேடிக்கொண்டே போவேன். தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறீர்களா என்று வெளிநாட்டுக் கம்பெனிகள் கேட்டன. கொடுக்கிறோம் என்று காட்ட ஒரு போட்டோ தேவைப்பட்டது. அந்தப் போட்டோவுக்காக மதியச் சாப்பாட்டுக்குப் பின் கேன்டீனில் இருபது நிமிட ஆங்கில வகுப்பு தொடங்கினார்கள். போட்டோ எடுத்து முடித்த பிறகும் நான் வகுப்பை விடவில்லை. எச்சில் தட்டுகள் கழுவும் சத்தத்துக்கு மேல் குரலை ஏற்றி, புளிச்சோற்று மணத்துக்கு நடுவே, நான் சொற்களின் பூர்வீகம் சொன்னேன்.

ஒருநாள் எடுத்துக்கொண்ட சொல் லாஸ்ட். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரிந்த சொல் அது. கால் வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டை; அதன்மேல் தோலை இழுத்துப் போர்த்தி, சூடுகாட்டி, பசைவைத்து ஒட்டினால் ஷூவுக்கு உருவம் வரும். அந்தக் கட்டைதான் லாஸ்ட். ஆனால் அகராதியைத் திறந்தால் அதே பெயரில் இன்னும் பலர் உட்கார்ந்திருப்பார்கள். நான் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். பழைய ஆங்கிலத்தில் இது காலடித் தடம். மண்ணில் பதிந்த பாதம். அந்தப் பாதத்தின் வடிவம் கட்டைக்குப் பெயரானது. தடத்தை விடாமல் பின்தொடர்ந்து போவதிலிருந்து, நீடிப்பது, தாக்குப்பிடிப்பது என்ற பொருள் வந்தது. கடைசி என்று நாம் சொல்கிற லாஸ்ட் இந்தக் குடும்பமே இல்லை. அது தாமதம் என்ற சொல்லுக்குப் பிறந்தது. எல்லாருக்கும் பிந்தி வந்தவன். இன்னொரு லாஸ்ட், சுமை. கப்பலில் ஏற்றும் பாரத்துக்கு ஓர் அளவு. ஒரு காலத்தில் தோலைக்கூட அந்தப் பெயரால் எண்ணியிருக்கிறார்கள்.

முன்வரிசையில் கோமதி உட்கார்ந்திருந்தாள். மாதனூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். ஏழு வருடம் ஹெல்பராக நூல் வெட்டி, பசை துடைத்து, அந்த வருடம்தான் டோ லாஸ்டிங் மெஷினுக்கு ஆப்பரேட்டர் ஆகியிருந்தாள். ஷூவின் மூக்குப் பக்கத் தோலைக் கட்டையின் மேல் இழுத்துப் பிடிக்கிற மெஷின் அது. எங்கள் லைனில் அதன் முன்னால் நின்ற முதல் பெண் அவள். வேலை முடிந்து போகும்போது அதைத் துணிபோட்டு மூடிவிட்டுத்தான் போவாள்.

"அப்ப இன்னா சார், நாலு பேரு ஒரே பேர வெச்சிக்கினு இருக்காங்க, வூடு மட்டும் வேற வேற. எங்க ஊர்லயும் மூணு கோமதி. போஸ்ட்மேனுக்குத்தான் பேஜாரு."

கேன்டீனே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவள் மறுபடி கேட்டாள்.

"அந்தத் தடம் யாரு காலு சார்? மொதமொத பதிஞ்சுது?"

"அது யாருக்கும்மா தெரியும்."

"தெரியாத ஆளு காலுக்குத்தான் நாள் பூரா இழுத்துக்கினு இருக்கேனா நானு!"

அன்று மாலை முழுவதும் என் கால்கள் தரையில் இல்லை. சொல்லைச் சொன்னால் இப்படிப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறாளே என்று.

அந்த சீசனில் பெரிய ஆர்டர் ஒன்றில், ஷூவின் மூக்கு வடிவத்தை வெளிநாட்டுக்காரர்கள் லேசாக மாற்றினார்கள். மாற்றத்துக்கு ஏற்ற புது லாஸ்ட்டுகள் வந்தன. எண்ணிக்கை போதவில்லை. லைனை நிறுத்த முடியாது என்று, பழைய லாஸ்ட்டுகளின் மூக்கைக் கொஞ்சம் ராவித் தேய்த்து, புதியதோடு கலந்து விட்டார்கள். யார் சொல்லிக் கலந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் எழுதிவைக்கவில்லை. லாஸ்ட் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்த ரஹ்மத் பாய் டீக்கடையில் என்னிடமே சொன்னார்: "நான் ரேக்குல தனித்தனியாத்தான் வெச்சேன் சாப். வந்து வாரிக்கினு போய்ட்டாங்க. ஒரு கால் மாப்ள, ஒரு கால் மச்சானாட்டம் வரப்போவுது பாருங்க."

ஆக, எனக்குத் தெரியும். இதை மறந்துவிடாமல் மேலே படியுங்கள்.

லைனில் முதலில் கண்டுபிடித்தவள் கோமதி. ஜோடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றின் மூக்கு நகக்கனம் மொட்டையாக இருந்தது. ஒரு ரேக் நிறைய எடுத்துத் தனியாக வைத்தாள். சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டினாள். "ஓட்டும்மா, பாலிஷ் போட்டா தெரியாது" என்று அவர் சொன்னார். ஓட்டினாள்.

சரக்கு கடல் தாண்டியது. ஒரு மாதத்தில் போட்டோக்களோடு மெயில் வந்தது. ஒவ்வொரு மூக்கிலும் சிவப்பு வட்டம். கூடவே ஒரு படிவம்: குறைக்கான காரணம் என்ன? எங்கள் புரொடக்ஷன் மேனேஜர் சொல்லச் சொல்ல, ஆப்பரேட்டர் செய்த தவறு என்று ஆங்கிலத்தில் தட்டினேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். அதுதான் அன்று நான் சரிபார்த்தது.

அடுத்த வாரம் அவர்களுடைய டெக்னீஷியன் நேரில் வந்தார். போர்ச்சுக்கல்காரர், நரைத்த தலை. கையைப் பார்த்தாலே தெரிந்தது, மெஷினில் நின்று மேலே வந்தவர். பேச்சைக் குறைத்து நேராக லைனுக்குள் போனார். கோமதி முன்னால் நின்றார். குறைபட்ட ஜோடியைக் கையில் ஏந்தி, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: என்ன நடந்திருக்கும் என்று நீ நினைக்கிறாய்?

தமிழில் சொன்னேன். அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். இதற்காகவே காத்திருந்தவள் போல, அவசரப்படாமல் சொன்னாள்.

"லாஸ்ட்டு சார். லாஸ்ட்டு கலந்துபோச்சு. பழைய லாஸ்ட்ட ராவி புதுசோட போட்டுட்டாங்க. ரைட்டு ஒண்ணு, லெஃப்ட்டு ஒண்ணு. நான் எடுத்துத் தனியா வெச்சேன், ஓட்டச் சொன்னாங்க. என் இழுப்பு கரெக்டாத்தான் இருக்கு. வேணும்னா இப்பவே இழுத்துக் காட்றேன்னு சொல்லுங்க சார்."

என் முதுகுக்குப் பின்னால் மேனேஜர் நின்றார். மெல்லிய குரலில் ஒன்று சொன்னார்.

"பாத்து சொல்லுங்க சார்."

இந்த மூன்று எழுத்து 'பாத்து' உங்களுக்கும் ஒருநாள் வரும். மிரட்டல் போலவே இருக்காது. அக்கறை போல இருக்கும். நம்மையும் உள்ளே சேர்த்துக்கொண்டது போலக்கூட இருக்கும்.

நான் பார்த்துச் சொன்னேன். "வேலை நெருக்கடி அதிகமாக இருந்தது என்கிறாள். இனிமேல் கவனமாக இருப்பாள்."

போர்ச்சுக்கல்காரரின் புருவம் சுருங்கியது. அவள் பக்கமே திரும்பி, விரலை நீட்டி, லாஸ்ட், லாஸ்ட் என்று சொல்லி ஏதோ கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "அவள் பலமுறை லாஸ்ட் என்றாள். லாஸ்ட்டைப் பற்றி என்ன சொன்னாள்?"

இன்னொரு பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. நான் புன்னகைத்தேன்.

"அவள் என்னுடைய மாணவி" என்றேன். "அந்தச் சொல்லின் கதையை நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்குத் தெரியுமா, அது முதலில் காலடித் தடம்..."

தொடங்கிவிட்டேன். மண்ணில் பதிந்த பாதம். பின்தொடர்ந்து போன கால்கள். தாக்குப்பிடித்தவர்கள். பிந்தி வந்தவன். கப்பல், சுமை, எண்ணி ஏற்றிய தோல்கள். அத்தனையும் நிஜம். ஓர் எழுத்துகூடக் கலப்படம் இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக ஆங்கிலம் பேசியதில்லை. கிழவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. "இத்தனை வருடம் இதையே தொட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதே! எங்கள் மொழியில் ஃபோர்மா என்போம், வெறும் வடிவம். உங்கள் கதை அழகு" என்றார். மெஷினிலிருந்த கட்டையை விரலால் தட்டிச் சிரித்தார். மேனேஜரும் சிரித்தார். கிழவர் கேட்க வந்த கேள்வி எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை. அடுத்த மெஷினுக்கு நகர்ந்துவிட்டார்.

கோமதியைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். பார்த்துவிட்டேன். நான் பேச ஆரம்பித்ததும் அவள் தலையசைத்துக்கொண்டிருந்தாள். ஃபுட் என்கிறேன், ஓல்ட் என்கிறேன், லாஸ்ட் என்கிறேன். எல்லாம் அவளுக்குத் தெரிந்த சொற்கள். சார் நமக்காகப் பேசுகிறார், நீளமாகவே பேசுகிறார் என்று முகத்தில் ஒரு வெளிச்சம். நான் ஷிப் என்று சொன்னபோது தலையசைப்பு நின்றது. தன் ஷூவுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் யோசித்தது எனக்குத் தெரிந்தது. கேன்டீன் பாடம் நினைவுக்கு வந்ததும் தெரிந்தது. பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த ஷூவை எடுத்து மெஷினில் வைத்தாள்.

பொய் சொல்லாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல நான் வரவில்லை. அது உங்களுக்கே தெரியும். நிஜத்தைச் சொல்லியும் ஒருவர் வாயை மூடலாம் என்று சொல்ல வந்தேன். நாம் எதில் கெட்டிக்காரரோ, எது நமக்கு உயிரோ, அதை எடுத்துத்தான் மூடுவோம். உங்களில் ஒருவருக்குப் பாட்டு வரும், ஒருவருக்கு நகைச்சுவை வரும், ஒருவருக்குப் புள்ளிவிவரம் வரும். இரண்டடி இடத்தில் நிற்கும்போது அது நாக்கு நுனிக்கு வந்தால், அதை விழுங்குங்கள்.

அடுத்த திங்கள்கிழமை கோமதி மெஷினில் இல்லை. கடைசி மேசையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து, மற்றவர் தைத்த ஷூக்களில் தொங்கும் நூலை வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய அடையாள அட்டையில் மறுபடி ஹெல்பர் என்று ஆகியிருந்தது. நான் படிவத்தில் தட்டிய அதே காரணம். ரஹ்மத் பாய் கண்ணாடிக் குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்க கதைய லைனே பேசுது சாப். வெள்ளக்காரனையே சொக்க வெச்சீங்களாமே. ரொம்ப நல்ல கதை. அந்தப் பொண்ணு மெஷின்ல இப்ப வேற ஆளு நிக்கிறான்."

மேனேஜரிடம் போனேன். போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், அரைமனதாகப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"லாஸ்ட்ட கலந்தோம்னு தெரிஞ்சா ஆர்டர நிறுத்திடுவான் சார். அந்த லைன்ல நிக்கிற அத்தினி பேரும் ரோட்டுக்கு வந்துடுவாங்க. ஒரு பொண்ணு கொஞ்ச நாள் நூல் வெட்டினா இன்னா கொறஞ்சிபோவும்? ரெண்டு மாசம் போவட்டும். நானே ஏத்தி வுடறேன்."

அந்தப் பக்கம் ஒரு லைனே நிற்கிறது, இந்தப் பக்கம் ஒருத்தி என்று தூக்கிக்காட்டியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது. என் கோழைத்தனத்துக்கு ஒரு நல்ல பெயர் கிடைத்துவிட்டதே. அந்த எடையைப் போடும் வேலை எனக்கு யாரும் கொடுக்காதது. எனக்குக் கொடுத்தது, அவள் சொன்னதைச் சொல்லும் வேலை மட்டும்.

கதை அதோடு முடிந்திருந்தால் பயந்துவிட்டேன் என்றாவது சொல்லிக்கொள்வேன். டெக்னீஷியன் மறுபடி வந்தார். இந்த முறை லைனுக்குப் போகவில்லை. பையிலிருந்து ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நேரே லாஸ்ட் ஸ்டோருக்குள் போனார். ஒவ்வொன்றாக எடுத்து மூக்கைத் தடவினார், அளந்தார். ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இது பழையது. தேய்த்திருக்கிறீர்கள். இதுதான் காரணம்." ரஹ்மத் பாய் கூரையைப் பார்த்தார். மேனேஜர் வெளிறிப்போனார். நான் உலகம் இடிந்து விழக் காத்திருந்தேன்.

ஒன்றும் விழவில்லை. கிழவர் தோளைக் குலுக்கினார். எல்லா ஊரிலும் நடப்பதுதான், எங்கள் ஊரிலும் செய்திருக்கிறோம், புது லாஸ்ட்டுகளை நாங்களே அனுப்புகிறோம், கேட்டிருக்கலாமே என்றார். ஆர்டர் நிற்கவில்லை. லைன் நிற்கவில்லை. மேனேஜருக்கு உயிர் வந்தது. விருந்தாளிக்கென்று ஆற்காட்டிலிருந்து வாங்கி வைத்திருந்த மக்கன் பேடா பெட்டியைப் பிரித்தார்.

இப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். இதைத்தானே அந்தப் பெண் அன்றைக்கே சொன்னாள் என்ற ஒரே வாக்கியம். சொல்வதில் இப்போது யாருக்கும் ஆபத்தில்லை. கம்பெனிக்கு இல்லை, மேனேஜருக்குக்கூட இல்லை. ஆனால் சொன்னால் கிழவர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்பார்: நான் கேட்டபோது நீ ஏன் சொல்லவில்லை? அழகான கதை சொன்ன ஆளாகவே அவர் நினைவில் இருக்க எனக்கு ஆசை. அவ்வளவுதான். அதற்காக வாயை மூடிக்கொண்டேன். முதல்முறை மூடியது பயத்தால். இந்த முறை அந்தச் சாக்குகூட இல்லை. ஒரு பேடா எடுத்துக்கொண்டேன். இனிப்பு தொண்டையில் சிக்கியது என்று எழுதலாம். சிக்கவில்லை. நன்றாகவே இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

மேனேஜர் சொன்ன இரண்டு மாதம் போனது. இன்னும் சில மாதங்களும் போயின. கோமதி வகுப்புக்கு வருவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். அவள் வேலையை விடுகிறாள் என்று ரஹ்மத் பாய்தான் வந்து சொன்னார். சொல்லிவிட்டு என் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே கம்பெனி பஸ்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. டீக்கடைப் பக்கமாக அவளை நிறுத்தினேன்.

"போறியாமே."

"ஆமா சார். பேர்ணாம்பட்டு பக்கம் ஒரு கம்பெனி. ஹெல்பராத்தான் எடுப்பாங்களாம்."

"நீ ஆப்பரேட்டர்னு சொல்லலியா?"

"சொன்னா, அப்பறம் ஏன் எறக்கினாங்கன்னு கேப்பாங்கல்ல? இன்னான்னு சொல்றது? அதான் சொல்லல."

"கோமதி, அன்னிக்கி நான் தப்பு பண்ணிட்டேன்."

"தெரியும் சார்."

கோபம் இல்லை. கணக்கில் ஏற்கெனவே இருந்த ஒன்றை நான் புதிதாகக் கொண்டுவந்து கொடுத்தது போல இருந்தது அவள் குரல்.

"உன் மேல தப்பில்ல, லாஸ்ட்லதான் தப்புன்னு நான் எழுதிக் குடுக்கறேன். அங்க காட்டு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "குடுங்க. ஆனா இங்கிலீஷ்ல வேணாம் சார். தமிழ்ல எழுதுங்க. நான் படிச்சுப் பாத்துட்டு வாங்கிக்கறேன்."

டீக்கடைப் பலகையில் வைத்து எழுதினேன். ஆறு வரி. இரண்டு இடத்தில் அடித்தல். கையெழுத்துப் போட்டேன். அவள் ஒவ்வொரு சொல்லாக விரல்வைத்துப் படித்தாள். இவ்வளவு காலத்தில் என் எழுத்தை யாரும் அப்படிச் சோதித்துப் படித்ததில்லை.

"சீல் இல்லியே சார்."

"சீல் எங்கிட்ட இல்லம்மா."

"பரவால்ல. இருக்கட்டும்." மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டாள். டிரைவர் ஹாரன் அடித்தார். உள்ளேயிருந்து யாரோ, "ஏ கோமதி, வர்றியா, இன்னிக்கும் டிக்ஷனரி கிளாஸா?" என்று கத்த, பஸ் முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்தாள். படியில் ஒரு கால் வைத்தவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"சார், ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி அந்த வெள்ளக்காரரு லாஸ்ட்டு லாஸ்ட்டுன்னு இன்னாமோ கேட்டாரே. நீங்க கத சொல்றதுக்கு முன்னாடி. அது உங்களக் கேட்டாரா, என்னக் கேட்டாரா?"

"உன்னத்தாம்மா கேட்டாரு."

"நெனச்சேன் சார். ஓல்ட் லாஸ்ட், நியூ லாஸ்ட், மிக்ஸ். இவ்ளோதான். வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க இருக்கீங்களேன்னு வுட்டுட்டேன்."